பந்தியில் அமர்வோரும் பரிமாறுவோரும்

ஈதல் அறம் என்பதை எல்லாச் சமயங்களும் ஒப்புக்கொள்கின்றன. ஆயின், ஏற்பவரின் நிலை என்ன என்பதைப் பற்றி நாம் அவ்வளவாகச் சிந்திப்பதில்லை. கொடுப்பவர் என்றும் கொடுப்பவராகவும், பெறுபவர் என்றும் பெறுபவராகவுமே இருந்துவிட்டால் பசி தீரலாம், உறவு பிறக்குமா? பழைய கேள்விதான். கணினி உலகம் அதை நம் காலத்தில் புதிய வடிவில் எழுப்பியிருக்கிறது.

மென்பொருள் என்பது கணினிக்கு மனிதர் எழுதித் தரும் கட்டளைகளின் தொகுப்பு. அதன் மூல வரிகளைப் பூட்டிவைத்துப் பயனை மட்டும் விற்பது வணிக வழக்கம். 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் இதற்கு மாற்றாக ஓர் இயக்கத்தை அறிவித்தார். மென்பொருளை விரும்பியவாறு இயக்கவும், அதன் உள்ளமைப்பைக் கற்றுத் திருத்தவும், படியெடுத்துப் பிறருக்கு வழங்கவும், திருத்தியதைப் பகிரவும் எவருக்கும் உரிமை உண்டு என்பது அவ்வியக்கத்தின் கொள்கை. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ், பலர் கைகூடி வளர்ந்து, இன்று கோடிக்கணக்கான கைப்பேசிகளுக்குள் இயங்குகிறது. 1998 முதல் இத்தகைய ஆக்கங்களுக்குத் 'திறமூலம்' என்ற பெயரும் வழங்கலாயிற்று. ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் இருப்பதால் அங்கே குழப்பம் நேர்கிறது. தமிழில் இலவசம் வேறு, விடுதலை வேறு. நாம் எழுப்பிய வினாவுக்கான விடையை இவ்வேறுபாட்டிலிருந்தே தேடத் தொடங்கலாம்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், 1991இல் வெளியிட்ட 'செந்தேசிமுஸ் ஆன்னுஸ்' என்னும் சுற்றுமடலில், நிலத்தைப் போலவே அறிவும் தொழில்நுட்பத் திறனும் நம் காலத்தின் பெரும் உடைமைகளாகிவிட்டன என்று சுட்டினார். அவ்வறிவுப் பரிமாற்றத்தின் வட்டத்துக்குள் நுழைய வழியற்றோர் பலர் என்றும் வருந்தினார். ஆசியாவின் ஏழை நாடுகளை நோக்குவோர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

கம்போடியாவை எடுத்துக்கொள்வோம். 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் கொடுங்கோன்மையில் பள்ளிகள் மூடப்பட்டன; ஆசிரியர்களும் கற்றோரும் பெருந்திரளாய் மாண்டனர். அத்தகைய நாட்டின் மொழி கணினிக்குள் நுழைந்த விதம் நம் சிந்தனைக்குரியது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண்களை ஒதுக்கும் யூனிகோடு முறையில் 1999இல் கெமர் எழுத்தும் இடம்பெற்றது. நல்ல செய்திதான். ஆனால் எழுத்தின் அடியில் எழுதப்படும் துணை மெய்களை எவ்வாறு குறிப்பது என்பது தம் அறிஞர்களை முறையாகக் கலந்து பேசாமலே முடிவாயிற்று என்று கம்போடியா பின்னர் முறையிட்டது. ஒருமுறை ஒதுக்கியதை நீக்குவதில்லை என்பது அங்கே விதி. ஆகவே அடிப்படை அமைப்பு மாறவில்லை. தமிழ் எழுத்துக் குறியீடு குறித்து நம்மிடையேயும் இத்தகைய மனக்குறை உண்டு. கொடுத்தவர்கள் தீயவர்கள் அல்லர். பந்தி விரித்தார்கள், அமர்ந்தவரிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

தொடக்கத் திருச்சபையிலும் இதுவே நிகழ்ந்தது. எருசலேமில் அன்றாடப் பகிர்வின்போது தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசிய சீடர்கள் முறையிட்டதைத் திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரம் கூறுகிறது. எல்லாம் பொதுவாய் இருந்த சமூகத்திலேயே மொழியால் ஒரு பிரிவினர் விடுபட்டனர்! திருத்தூதர்கள் என்ன செய்தார்கள்? 'இனி அவர்களுக்கும் ஒரு பங்கு கொடுங்கள்' என்று ஆணையிட்டு முடித்துக்கொள்ளவில்லை. எழுவரைத் தேர்ந்தெடுக்குமாறு சபையையே கேட்டனர். ஸ்தேவான், பிலிப்பு முதலான அவ்வெழுவரின் பெயர்கள் அனைத்தும் கிரேக்கப் பெயர்கள் என்பதை மறைநூல் அறிஞர் எடுத்துக்காட்டுவர். குறை கூறியவர் பக்கத்தாரிடமே பந்தி ஒப்படைக்கப்பட்டது. முறையிட்டவர் பரிமாறுபவரானார்.

கம்போடியாவிலும் இத்தகைய மாற்றத்தின் சாயலைக் காண்கிறோம். கணினியைப் பயன்படுத்துவதற்காக ஒரு கெமர் மனிதர் முதலில் ஆங்கிலம் கற்க வேண்டியதில்லை என்ற நோக்குடன், 2004இல் அந்நாட்டில் 'கெமர் ஓ.எஸ்.' என்ற திட்டம் தொடங்கப்பெற்றது. முன்னின்றவர் ஹவியர் சோலா என்ற ஸ்பெயின் நாட்டவர். ஆனால் அயலார் ஒருவர் செய்து கொடுத்துவிட்டுப் போகும் வேலையன்று அது. டான் ஹாங் வரைந்த கெமர் எழுத்துருக்கள் எங்கும் பரவின. மண்ணின் மக்கள் அமர்ந்து கணினிக் கலைச்சொற்களைத் தம் மொழியில் தேடினர், இல்லாதவற்றை ஆக்கினர். மூல வரிகள் திறந்திருந்ததால் எந்த நிறுவனத்தின் இசைவுக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை. இணைய உலாவிக்கு 'மேகலா' என்றும், மின்னஞ்சல் மென்பொருளுக்கு மயிலைக் குறிக்கும் 'மொயூரா' என்றும் பெயரிட்டனர். மேகலா அவர்கள் மரபில் மின்னலின் தேவதை. நம் காப்பியத்தின் மணிமேகலா தெய்வத்துக்கு உறவினள். விலையின்மை மட்டும் கிடைத்திருந்தால் அவர்கள் நுகர்வோராய் நின்றிருப்பர். திருத்தும் உரிமை கிடைத்ததால் ஆக்குவோர் ஆயினர்.

பெற்றவர் தருபவராகும்போது பயனடைவது அவர் மட்டுமன்று. ஜப்பானில் யுகிஹிரோ மட்சுமோட்டோ 1995இல் வெளியிட்ட ரூபி என்னும் நிரல்மொழியைக் கொண்டு, 2004இல் டென்மார்க் நாட்டவர் ஒருவர் 'ரெயில்ஸ்' என்ற கட்டமைப்பை ஆக்கி உலகுக்கு வழங்கினார். கீழ்த்திசை தந்தது, மேல்திசை பெற்று வளர்த்துத் திருப்பித் தந்தது.

இங்கே ஒரு தடை எழும். அதை எளிதாகத் தள்ளிவிடலாகாது. வேலை தேடி அலையும் ஆசிய இளைஞரிடம், 'உன் உழைப்பை ஊதியமின்றி உலகுக்குத் தா' என்று சொல்வது நீதியா? செல்வந்த நிறுவனங்கள் அவ்வுழைப்பைக் கொண்டு பொருளீட்டுகின்றனவே! 2014இல் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' என்னும் பாதுகாப்புக் குறை இதை உலகுக்கு உணர்த்தியது. எண்ணற்ற இணையத்தளங்கள் நம்பியிருந்த ஒரு திறமூல மென்பொருளை ஒரு சிலரே, மிகக் குறைந்த பொருளுதவியுடன் பேணி வந்தனர். அதன் பின்னரே பெருநிறுவனங்கள் நிதி வழங்க முன்வந்தன. உழைப்பவருக்குக் கூலி உரியது என்பது ஆண்டவரின் போதனை. பகிர்வின் பெயரால் அதை மறுப்பது பகிர்வன்று, சுரண்டல். ஆகவே இத்தகைய சமூகத்தை ஆசியாவில் வளர்க்க விழைவோர், இளைஞரின் ஆர்வத்தை மட்டும் நம்பாமல், அவர்தம் உணவுக்கும் வழி காண வேண்டும். எனினும் ஊதியம் மட்டும் போதாது. கூலி பெற்று, பிறர் வகுத்ததை நிறைவேற்றுபவர் இன்னும் பந்திக்கு வெளியேதான் நிற்கிறார். எதைச் செய்வது, எதை மறுப்பது என்று முடிவெடுக்கும் இடத்திலும் அவருக்கு இருக்கை வேண்டும்.

நம் பங்குகளிலும் அறப்பணிகளிலும் இந்த அளவுகோலை வைத்துப் பார்ப்பது நன்று. எத்தனை பேருக்கு உதவி வழங்கினோம் என்று ஆண்டறிக்கையில் எழுதுகிறோம். அவர்களுள் எத்தனை பேர் இன்று நம்மோடு அமர்ந்து திட்டமிடுகிறார்கள் என்று எழுதுவதுண்டா? நம்மிடம் பெற்றவர் நம்மைத் திருத்த முன்வரும்போது அவருக்கு இடம் தருகிறோமா, நன்றி மறந்தவர் என்கிறோமா? எருசலேமின் திருத்தூதர்கள் முறையீட்டைக் கேட்டுச் சினக்கவில்லை. முறையிட்டவர் பக்கத்தாரின் தலையில் கைகளை வைத்து இறைவனை வேண்டினார்கள். நாமும் அவ்வாறு செய்யக் கற்றுக்கொள்வோமாக.