சின்ன ஆபரேஷன்

முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் பிதுங்கிப் பக்கத்தில் போகும் நரம்பை அழுத்தினால், அந்தப் பிதுக்கத்தை மட்டும் எடுத்துவிடும் சிகிச்சைக்கு மைக்ரோடிஸ்கெக்டமி என்று பெயர். மருத்துவமனை வராந்தாவில் அது ‘சின்ன ஆபரேஷன்’. வெட்டு இரண்டு மூன்று சென்டிமீட்டர், நேரம் ஒரு மணி முன்னே பின்னே, ஓரிரு நாளில் வீடு. இந்த மூன்று கணக்கிலும் அது சின்னதுதான். முடிவெடுக்க ஆகும் மாதங்களும், முடிந்த பிறகு குனியாமல் இருக்க வேண்டிய வாரங்களும் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. நோயாளிக்கும் வீட்டாருக்கும் பின்னால் வரும் மனத்தாங்கலில் பெரும்பகுதி, ‘சின்ன’ என்ற சொல் எதை அளக்கிறது என்று யாரும் கேட்காமல் விட்டதால் வருவது.

டிஸ்க்கை ஊரில் ‘ஜவ்வு’ என்பார்கள். ஜவ்வு விலகிவிட்டது, நழுவிவிட்டது என்பதெல்லாம் அன்றாடப் பேச்சு. உண்மையில் டிஸ்க் எங்கும் நழுவுவதில்லை. மேலும் கீழும் எலும்போடு இறுக ஒட்டியிருக்கிறது. வெளியே பல அடுக்கு நார் வளையம், உள்ளே நீர்ச்சத்து மிகுந்த கொழகொழப்பு. வளையத்தில் கீறல் விழுந்தால் உள்ளிருப்பது அந்த வழியாகப் பிதுங்குகிறது. சொல் தப்பாக இருப்பதால் விளைவும் தப்பாகப் போகிறது: நழுவியதைத் தட்டி உள்ளே தள்ளிவிடலாம் என்று எண்ணெய்க் கிண்ணத்தோடு முதுகில் ஏறி மிதிக்கும் வைத்தியம் இன்றும் நடக்கிறது. கிழிந்த வளையத்தை மிதித்து மூட முடியாது.

இடுப்புப் பகுதிப் பிதுக்கங்களில் மிகப் பெரும்பாலானவை கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் வருகின்றன. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் எல்4-எல்5, எல்5-எஸ்1 என்று எழுதியிருப்பது அவற்றைத்தான். கோளாறு இடுப்பில், வலி காலில். பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்புறமாக இறங்கி, கெண்டைக்காலைக் கடந்து பாதம் வரை சுளீரென்று இழுக்கும். இருமினால், தும்மினால் கரண்ட் அடித்தது போல் இருக்கும். இதுதான் சயாட்டிக்கா. வலி உண்டாவது டிஸ்க் பிதுக்கத்தால் என்பதை வில்லியம் மிக்ஸ்டர், ஜோசப் பார் என்ற இரண்டு பாஸ்டன் மருத்துவர்கள் 1934-இல் எழுதிய கட்டுரைதான் உலகத்துக்கு உறுதியாகச் சொன்னது. அதற்கு முன் முதுகெலும்பிலிருந்து எடுக்கப்பட்ட அந்தத் துண்டுகளைக் கட்டி என்றே நினைத்திருந்தார்கள். மைக்ராஸ்கோப் வைத்துச் சிறு துளை வழியாகச் செய்யும் முறையை யசார்கில், காஸ்பர் இருவரும் 1977-இல் தனித்தனியே வெளியிட்டார்கள். ‘சின்ன’ என்ற அடைமொழி அன்றுதான் நியாயமாகியது.

செய்துகொள்வதா வேண்டாமா என்பதுதான் இதில் மிகக் கடினமான கட்டம். பிதுங்கிய துண்டு பல பேருக்குத் தானாகவே சுருங்கிவிடுகிறது. உடம்பின் பாதுகாப்பு அணுக்கள் அதை அந்நியப் பொருளாகக் கண்டு கரைக்கின்றன. பெரிய துண்டு கரைந்துபோகும் வாய்ப்பே கூடுதல் என்பது கேட்பவருக்கு வியப்பாக இருக்கும். நெதர்லாந்தில் 283 பேரை வைத்து நடந்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வு இந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டது. ஆறு முதல் பன்னிரண்டு வாரமாகக் கால்வலியில் துடித்தவர்களில் ஒரு பாதிக்கு உடனே அறுவை; மறுபாதிக்கு மருந்தும் காத்திருப்பும், தாங்கவில்லை என்றால் பிறகு அறுவை. முதல் பிரிவினருக்கு வலி சீக்கிரம் போனது. இரண்டாம் பிரிவில் 39 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் அறுவைக்கே வந்தார்கள். ஆனால் ஆண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள்.

ஆக இந்த அறுவை பெரும்பாலானவர்களுக்கு விலைக்கு வாங்கித் தருவது காலத்தை. மூன்று மாதம் லீவு எடுக்க முடிந்தவரும் ஒரு வாரம் கூலி விட்டால் அடுப்பு எரியாதவரும் அந்தக் காலத்துக்கு ஒரே விலை போட மாட்டார்கள். மருத்துவர் இரண்டு வழியும் சரி என்று சொல்லும்போது, “நீங்களே சொல்லுங்க டாக்டர், உங்க வீட்டுல ஒருத்தர்னா என்ன செய்வீங்க?” என்று கேட்காத நோயாளி குறைவு. நியாயமான கேள்விதான். ஆனால் டாக்டர் வீட்டில் இருப்பவருக்கு மூட்டை தூக்கும் வேலை இருக்காது.

காத்திருக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு. சிறுநீர் வராமல் அடைபட்டாலோ, அடக்க முடியாமல் போனாலோ, இரு தொடைகளுக்கு நடுவே உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, அது முதுகுத்தண்டின் அடிநரம்புக் கொத்து நசுங்குவதன் அடையாளம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாதம் தூக்க வராமல் செருப்பு நழுவத் தொடங்கினாலும் தள்ளிப்போடுவது தவறு. வெறும் ஸ்கேன் படத்தை வைத்து முடிவெடுப்பது இதற்கு நேரெதிரான தவறு. முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, இருபது வயதினரிலேயே ஏறத்தாழ 29 சதவீதம் பேருக்கு டிஸ்க் புடைப்பு இருந்தது. படமும் வலியும் ஒரே நரம்பைக் காட்டினால்தான் கத்திக்கு வேலை.

முடிவான பிறகு செய்ய வேண்டிய மருத்துவ ஏற்பாடுகள் அதிகமில்லை. ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., மயக்க மருந்து நிபுணரின் பார்வை. சர்க்கரை கட்டுக்குள் வந்தாக வேண்டும், இல்லையேல் புண் ஆறாது. புகைப்பவர் நிறுத்த வேண்டும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் அதைத் தாமாக நிறுத்தாமல், எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நாட்டு மருந்தும் லேகியமும் சாப்பிடுவதைச் சொல்ல வெட்கப்பட்டு மறைப்பவர்கள் உண்டு. மயக்கம் கொடுப்பவருக்கு அதுவும் தெரிந்தாக வேண்டும். திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்பே நின்றுவிடும். வெறும் தண்ணீருக்குப் பொதுவாக இரண்டு மணி நேரம்.

அதிக வேலை வீட்டில்தான். புறப்படும் முன் ஒருநாள், இடுப்புக்குக் கீழே குனியாமல் வீட்டைச் சுற்றி வந்து பார்த்தால் தெரியும், தமிழ் வீடு எவ்வளவு தாழ்வாக வாழ்கிறது என்று. அரிசி டின் தரையில். குக்கர் மேடைக்கு அடியில். மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் குடம். பாய் தரையில், பந்தி தரையில், பூஜை தரையில். இந்தியக் கழிப்பறை மட்டும் இருக்கும் வீட்டில் நடுவில் துளையிட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கி வைப்பது பல மாத்திரைகளைவிடப் பயன் தரும். தினமும் கை போகும் பொருள்களையெல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்துக்கு ஏற்றிவிட வேண்டும். பாத்ரூம் தரையில் வழுக்காத மிதியடி. கட்டிலின் உயரம், உட்கார்ந்தால் பாதம் தரையில் படிகிற அளவு. இதையெல்லாம் ஒழுங்குபடுத்தாமல், காப்பீட்டு அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் மிகுதி.

அறுவை அறையில் நடப்பது நோயாளிக்குத் தெரியாது. பொதுவாக முழு மயக்கத்தில் குப்புறப் படுக்க வைத்து, எக்ஸ்ரே பார்த்துச் சரியான மட்டத்தை உறுதி செய்கிறார்கள். தசையை ஒதுக்கி, எலும்பில் சிறிதளவு எடுத்து, நரம்பை மெல்ல நகர்த்தி, அழுத்தும் துண்டை வாங்குகிறார்கள். டிஸ்க் முழுவதும் எடுக்கப்படுவதில்லை. துளையிட்ட வளையத்துக்குத் தையலும் பெரும்பாலும் இல்லை. தழும்புத் திசுதான் அதை மூட வேண்டும்.

அன்று மாலையோ மறுநாள் காலையோ எழுப்பி நிற்க வைப்பார்கள். அந்த முதல் எழுதல் பார்க்க வேண்டிய காட்சி. பழைய பழக்கத்தில் தலையைத் தூக்கி நேராக எழப் போகும் நோயாளியைச் சிஸ்டர் தோளில் கைவைத்து நிறுத்துவார். “அம்மா, அப்படி இல்ல. முட்டிய மடக்குங்க. மரக்கட்ட மாதிரி மொத்தமா திரும்புங்க. ம்... இப்ப காலைக் கீழே விட்டு, கையை ஊணி எழுந்திரிங்க.” தோளும் இடுப்பும் ஒன்றாகப் புரள வேண்டும், இடையில் முறுக்கு விழக் கூடாது. வலப்பக்கம் ஒருக்களித்துத் திரும்பித்தான் எழ வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்ததற்கு அவர்கள் காட்டிய காரணம் வேறு. முதுகுக்கு அது பொருந்திப்போகிறது. டிரிப்ஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலடி வைத்ததும் பலருக்கு ஒரு திடுக்கிடல்: மாதக்கணக்கில் கூடவே இருந்த கால்வலியைக் காணோம்.

ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. வலி போனதை ஆறிவிட்டதாக எடுத்துக்கொண்டு பத்தாம் நாள் சிலிண்டரை நகர்த்துகிறவர்கள் உண்டு. மறுபுறம், முதல் இரண்டு வாரத்துக்குள் கால்வலி கொஞ்சம் திரும்பி எட்டிப்பார்ப்பதும் சகஜம். நகர்த்தப்பட்ட நரம்பின் வீக்கம் அது. ஆபரேஷன் வீணாகிவிட்டது என்று அந்த இரவில் அழுகிறவர்களிடம் இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

உட்காருவதைப் பற்றியே அதிகம் எச்சரிக்கிறார்கள். ஸ்வீடனின் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960-களில் உயிருள்ள மனிதர்களின் டிஸ்க்குக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்ததிலிருந்து வரும் எச்சரிக்கை அது: நிற்பதைவிட உட்காரும்போது அழுத்தம் கூடுதல், குனிந்து பாரம் தூக்கும்போது மிக அதிகம். உட்காருவதைப் பற்றிப் பின்னால் வந்த அளவீடுகள் அவ்வளவு கடுமையாக இல்லை. இரண்டு வாரக் கட்டுப்பாட்டையும் ஆறு வாரக் கட்டுப்பாட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபோதும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆகவே மூன்று மாதம் படுக்கையோடு கிடக்கச் சொல்வது பழைய பயம். தொடக்கத்தில் இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நிற்பது, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டுவது, குனியாமல், முறுக்காமல், பாரம் தூக்காமல் இருப்பது, இவ்வளவுதான் பெரும்பாலோருக்குத் தேவை. நாலு முதல் ஆறு வாரம் கழித்துப் பிசியோதெரபியோடு தொடங்கும் உடற்பயிற்சி வலியை விரைவாகக் குறைக்கிறது. மேஜை வேலைக்குச் சில வாரங்களில் திரும்பலாம். உடலுழைப்புக்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். மலச்சிக்கலை அற்பமாக நினைக்கக் கூடாது. வலி மாத்திரை அதைக் கொண்டுவரும். முக்கினால் முதுகுக்குப் போய்ச் சேரும்.

இந்த வாரங்களில் உடம்பைவிட மனம்தான் முரண்டுபிடிக்கும். கீழே விழுந்த சாவியை எடுத்துத் தர ஒருவரைக் கூப்பிட வேண்டும். செருப்பை மாட்டிவிட மகன் குனிய வேண்டும். நாற்பது வருடம் பிறருக்குக் குனிந்தவருக்கு இது மருந்தைவிடக் கசப்பு. அதிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஓய்வு ஒன்றல்ல. அலுவலகம் போகிறவரின் ஓய்வுக்கு மருத்துவச் சான்று உண்டு. அடுக்களையில் இருப்பவரின் ஓய்வுக்கு எந்தக் கடுதாசியும் இல்லை. “சும்மா உக்காந்து காய் நறுக்கலாமே” என்பதில் தொடங்கி இட்லி மாவு அரைப்பதில் போய் நிற்கும். டிஸ்சார்ஜ் தாளில் ‘பாரம் தூக்கக் கூடாது’ என்று பொதுவாக எழுதுவதற்குப் பதிலாக, தண்ணீர்க் குடம், மாவுப் பாத்திரம், ஈரத்துணி வாளி, பேரக்குழந்தை என்று பெயர் சொல்லி எழுதினால் அது மருமகளுக்கும் மாமியாருக்கும் ஒருசேரப் புரியும். பார்க்க வருபவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு, இதே ஆபரேஷனுக்குப் பிறகு எழுந்திருக்கவே முடியாமல் போன தூரத்து உறவினர் கதையையும் கொண்டுவருவார்கள். பாட்டிலை மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

காய்ச்சல், தையலில் நீர் வடிதல், எழுந்து நின்றால் மட்டும் வரும் கடும் தலைவலி, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கம், புதிதாக ஒரு பலவீனம், சிறுநீர்த் தடை இவற்றில் எது வந்தாலும் மறுசோதனைத் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. அதே இடத்தில் மீண்டும் பிதுங்குவதும் உண்டு. நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பேர் வரை என்று வெவ்வேறு கணக்குகள் சொல்கின்றன. இந்த அறுவை கால்வலிக்கானது. பழைய இடுப்புவலியும் கூடவே போய்விடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

கடைசியாகப் போவது காலின் மரமரப்பு. நரம்பு அழுத்தத்தால் சோர்ந்திருந்தால் சில வாரங்களில் உணர்ச்சி வந்துவிடும். நரம்பு இழையே அறுபட்டிருந்தால் அது மறுபடி வளர்ந்து வர வேண்டும். அதன் வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். இடுப்பிலிருந்து கால் கட்டைவிரல் வரை உள்ள தூரம் ஏறத்தாழ ஒரு மீட்டர்.