பிறரறிவை வியத்தல்

ஒருவரது அறிவின் நுட்பத்தைக் கண்டு மற்றொருவர் வியந்து நிற்றல் உலகில் நாடோறும் நிகழ்வதே. அவ்வியப்பு, வியக்கப்படுவாரது பெருமையை அளந்து காட்டும் என்றே பெரும்பாலார் கருதுகின்றனர். ஆராயுங்கால் அது வியப்பவரது இயல்பையே மிகுதியும் காட்டுவதாகும். என்னை? ஒரு புலவரது சொற்பொழிவைக் கேட்டு ஓரவையினின்று எழுந்து செல்வாருள், ஒருவர் அவர் உணர்த்திய பொருளைச் சிந்தித்துச் செல்வர். ஒருவர் அவர் எடுத்தோதிய மேற்கோள்களின் தொகையை எண்ணி மலைத்துச் செல்வர். மற்றொருவர், அப்புலவரோடு தமக்கு நெடுநாட் பழக்கமுண்டு என்று அயலார்க்குச் சொல்லிச் செல்வர். சொற்பொழிவு ஒன்றே; வியப்பு வேறுவேறாயிற்று.

இவ்வேறுபாடு முக்குணங்களுள் ஒன்று மிக்கும் ஏனைய குறைந்தும் நிற்றலான் வருவது. தாமதம் மிக்கவர் தமக்கு விளங்காததையே வியப்பர். விளங்காமையே ஆழத்துக்குச் சான்றென அவர் கொள்வர். பெரியார் ஒருவர் சிந்தித்து விட்டமையின் தாம் சிந்திக்க வேண்டுவதில்லை என்னும் ஓய்வும் அவர்க்கு அதனாற் கிடைக்கின்றது. இவரைப் பற்றி விரித்தல் வேண்டா.

இராசதம் மிக்கவரது வியப்பே நன்கு ஆராயத்தக்கது; கற்றாரிடத்துப் பெரிதும் காணப்படுவது அதுவாகலின். அவர் பிறரறிவைக் கண்டவுடன் தம்மறிவை அதனருகே நிறுத்தி அளப்பர். தம்மினும் மிக்கதாயின் உள்ளம் புழுங்கும். அப்புழுக்கத்தை ஆற்றிக்கொள்ளும் பொருட்டே புகழத் தொடங்குவாரும் உளர். "இவரது அறிவை முதற்கண் உணர்ந்தவன் யானே" என்று ஒருவர் கூறுமிடத்துப் புகழ்ச்சி பிறர்மேற் செல்வதுபோற் சென்று தம்மிடமே மீளுகின்றது. வணக்கத்தின் வடிவில் வரினும் அது செருக்கே. இகழ்ச்சியாக வரும் செருக்கை எவரும் எளிதிற் காண்பர். இதனைக் காண்பார் சிலரே.

அற்றேல், சாத்துவிகம் மிக்கவர் அளத்தலே செய்யாரோ எனின், செய்வர். ஆயின் அவர்க்கு அளவுகோல் தாமல்லர். 1913 ஆம் ஆண்டு சனவரித் திங்களில், சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராயிருந்த இராமாநுசர், கேம்பிரிட்ஜ் நகரத்துக் கணித அறிஞர் ஹார்டி என்பார்க்குக் கடிதம் எழுதினார். ஹார்டி நிறுவப்படாத எதனையும் ஏலாதவர். கடவுட் கொள்கை இல்லாதவர். இராமாநுசரோ தாம் கண்ட முடிபுகளைப் பெரும்பாலும் நிறுவாமலே எழுதி விடுத்தவர். அவற்றை நாமகிரித் தாயாரின் அருளாகக் கருதியவர். இயல்பால் இத்துணை மாறுபட்டார் இருவருள் ஒருவர் மற்றவரை இகழ்தலே உலகியல்பு. ஹார்டி அங்ஙனம் செய்திலர். அம்முடிபுகளுட் சிலவற்றைப் பொய்யாகப் புனைதற்கு வேண்டிய கற்பனை எவர்க்கும் இராது. ஆதலின் அவை மெய்யாகவே இருத்தல் வேண்டும் என்று துணிந்தனர். 1914 இல் இராமாநுசர் அங்குச் சென்ற பின்னர், நிறுவும் முறையை வற்புறுத்தினால் அவரது ஊற்று அடைபட்டுவிடுமோ என்று அஞ்சி அளவறிந்தே கற்பித்தனர். கணித வன்மைக்கு மதிப்பெண் இட்டபொழுது இராமாநுசர்க்கு 100, ஹில்பர்ட்டுக்கு 80, தம் தோழர் லிட்டில்வுட்டுக்கு 30, தமக்கு 25 என்று இட்டனர் என்பர். சமயச் சார்பில்லாதாரிடத்தும் இவ்வியல்பு காணப்படுமேல், அதனைச் சாத்துவிகம் எனக் கூற நாம் கூசுதல் வேண்டா.

குணம் உடலோடு வந்தது; அதனை மாற்றுதல் ஆகாது என்பாரும் உளர். குணங்கள் பிரகிருதியின் காரியமேயன்றி உயிரின் தன்னியல்பு ஆகா என்பது நம் சித்தாந்தம். உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. படிகம் அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுதல் போல்வது. வியப்பும் ஒரு சார்பே. ஆகவே எதனை எவ்வாறு வியக்கின்றோம் என்பது சிறு காரியம் அன்று.

சகலாகம பண்டிதர் வரலாற்றை இங்கு நோக்குக. மெய்கண்டாரது குடிக்குக் குலகுருவாயிருந்த அம்முதியவர், இளைஞராகிய மெய்கண்டார் மாணாக்கர் சூழ இருந்து போதித்தலைப் பொறாராய்த் திருவெண்ணெய்நல்லூர்க்குச் சென்று, ஆணவத்தின் சொரூபம் யாதென வினவினார். மெய்கண்டார் மறுமொழி கூறாது அவரையே உச்சி முதல் உள்ளங்கால் வரை நோக்கினர் என்பது மரபு. பண்டிதர் வீழ்ந்து பணிந்தார். அருணந்தி சிவாசாரியர் எனப் பெயர் பெற்றார். அவர் அங்கு வியந்தது எதனை? ஆங்கு ஒரு சொல்லும் சொல்லப்படவில்லை; ஒரு நூலும் எடுத்துக் காட்டப்படவில்லை. ஆகம வன்மையிற் பண்டிதர் எவர்க்கும் இளைத்தவரல்லர். தம்மை அளக்க வந்தவரைத் தாமே தம்மைக் காணுமாறு செய்த அறிவொன்றை அவர் கண்டனர். வந்தபொழுது மேம்பட்டு நின்றது இராசதம். அதுவே வாயிலாயிற்று என்பதும் மறக்கற்பாலதன்று.

பணிந்தபின் அவரது அறிவு அவிந்ததோ எனின், அதுவும் இல்லை. உலகாயதர் முதற் பாஞ்சராத்திரிகள் ஈறாகப் புறச்சமயிகளை வாதத்தால் மறுக்கும் சிவஞான சித்தியார்ப் பரபக்கம் அதன் பின்னர் எழுந்ததே. அன்றியும், தம் ஆசிரியரையே முன்னிலைப்படுத்தி, மலங்களின் இயல்பு முதலியவற்றை அவர் விடாது வினவிய வினாக்கள், இருபா இருபஃது என்னும் பெயரால், வெண்பாவும் ஆசிரியப்பாவும் மாறிவரும் இருபது செய்யுளாக இன்றும் நம்மிடம் உள்ளன.