பெரட்டுக் களத்துப் படை

ரப்பர்ப் பால் வெட்டப் புறப்படுமுன், விடியற்கருக்கலில் ஆட்கள் வரிசையாக நின்று பேர் கொடுத்த இடத்துக்குத் தோட்டத்தில் பெரட்டுக் களம் என்று பெயர். பட்டாளத்துப் பரேடுதான் நம் வாயில் பெரட்டு ஆனது. கெடாவில் புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் என் தாத்தா அந்த வரிசையில் நின்றவர். 1943-இல் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்ததும் இன்னொரு வரிசையில் போய் நின்றார். இந்திய தேசிய ராணுவம் 1945-இல் கலைந்தபின் பழைய நிரைக்கே திரும்பி, அதே மரங்களை வெட்டினார்.

துப்பாக்கி போனாலும் கவாத்துப் பழக்கம் போகவில்லை. 1946-இல் பீடோங் வட்டாரத்தில் எழுந்த தொண்டர் படையில் இப்படித் திரும்பியவர்கள் இருந்தார்கள். ஹார்வர்டு தோட்டத்து ஏ. எம். சாமி அதற்குத் தலைவர். கள்ளுக்கடைகளுக்கு முன் மறியல் செய்தார்கள். மறு வருஷமே போலீஸ் அடக்கிவிட்டது. நேதாஜியின் படை போரிட்ட பர்மா எல்லையைவிடக் கள்ளுக்கடை வாசல் கடினமான போர்முனை என்பது என் எண்ணம். அங்கே எதிரில் நிற்பவன் மாமனாகவோ மச்சானாகவோ இருப்பான்.

அதே வட்டாரத்தில், குனோங் ஜெராய் மலையடிவாரத்து மெர்போக்கில் லெம்பா பூஜாங் தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது. போகும்போதெல்லாம் 1025-இல் கடாரத்துக்கு, அதாவது இந்தக் கெடாவுக்கு, கப்பற்படை அனுப்பிய ராஜேந்திர சோழனைப் பற்றி யாராவது பெருமையோடு பேசக் கேட்கிறேன். நானும் பேசியிருக்கிறேன். வந்து அடித்துவிட்டுப் போன படையை ஆயிரம் வருஷமாக மறக்கவில்லை. வந்து தங்கி, காட்டை வெட்டி, ரப்பர் நட்ட படை என்ன பாவம் செய்தது? கல்லுக்கும் இங்கே உத்தரவாதமில்லைதான். அந்தப் பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டி என்ற பழங்கோயில் ஒரு மேம்பாட்டாளரால் இடித்துத் தள்ளப்பட்ட செய்தி 2013-இல் வந்தது.

ஆனால் தாத்தாவின் சாமான்களை எந்த மேம்பாட்டாளரும் இடிக்கவில்லை. லயத்தைக் காலி செய்து தாமான் வீட்டுக்கு மாறிய அன்று நாங்களேதான் எறிந்தோம்: பால்வாளி, காண்டாக் கம்பு, நெற்றி விளக்கு, ஒரு கட்டு மங்கு. தகரப் பெட்டியில் இருந்த காக்கிச் சட்டையும் அதோடு போயிற்று. நான் தயங்கியபோது பாட்டி சொன்னார்: “அந்தப் பால் நாத்தத்தை அங்கேயும் சுமந்துக்கிட்டு வரணுமாய்யா?”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. நாற்பது வருஷம் அந்த நாற்றத்தில் எழுந்தவருக்கு மறக்க உரிமை உண்டு. ஒரு மரத்தைக்கூட வெட்டாத எனக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது?

உங்கள் வீட்டுப் பரணில் பால் வெட்டும் கத்தி இன்னும் கிடந்தால் எறிய வேண்டாம். யார் பிடித்தது, எந்தத் தோட்டம், எந்த நிரை என்று ஒரு தாளில் எழுதி அதன் பிடியில் கட்டி வையுங்கள். சொல்லத் தெரிந்த கிழவர் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.