தேர்க்காலில் விழுந்த கன்று

தமிழர்களுக்குத் தெரிந்தவற்றுள் மிகப் பழைய போக்குவரத்து விபத்து திருவாரூரில் நடந்தது. அரசகுமாரன் தேரில் போகிறான். எங்கிருந்தோ துள்ளி வந்த கன்று ஒன்று சக்கரத்தில் சிக்கி மாண்டு போகிறது. தாய்ப் பசு அரண்மனை வாசலுக்கு வந்து மணியை அசைக்கிறது. பிராயச்சித்தம் செய்து கொள்ளலாம் என்கிறார்கள் மந்திரிகள். மனுநீதிச் சோழன் கேட்கவில்லை. தன் மகனையே தேர்க்காலில் இட்டு நீதி வழங்குகிறான். சேக்கிழார் பாடிய இந்தக் கதைக்கு உருகாத நெஞ்சம் உண்டா? நானும் உருகியிருக்கிறேன். ஆனாலும் ஒரு சந்தேகம் என்னை விடுவதில்லை. அன்றைக்குப் பிறகு திருவாரூர் வீதிகளில் கன்றுகள் பத்திரமாகத் திரிந்தனவா? ஜனங்கள் நெருங்கும் வீதியில் தேர் எவ்வளவு வேகமாகப் போகலாம், சக்கரத்துக்குப் பக்கத்தில் என்ன வருகிறது என்பது மேலே இருப்பவன் கண்ணுக்குத் தெரியுமா, குதிரைகளை இழுத்துப் பிடித்தால் தேர் எத்தனை அடி தள்ளி நிற்கும் என்றெல்லாம் யாராவது விசாரித்தார்களா? கதையில் அதற்கு இடமில்லை. யார் செய்தது என்பது தெரிந்த கணத்திலேயே விசாரணை முடிந்து விடுகிறது.

கதை எழுதிப் பிழைக்கும் என் போன்றவர்களுக்கு 'யார்?' என்ற கேள்விதான் சோறு போடுகிறது. குற்றவாளியைக் கடைசி அத்தியாயம் வரை ஒளித்து வைத்திருந்து வெளியே இழுத்தால் வாசகருக்குத் திருப்தி. விபத்து விசாரணை அறிக்கைகளோ இதற்கு நேர் விரோதம். முதல் பக்கத்திலேயே ஒரு குற்றவாளி கையும் களவுமாக அகப்படுவான். பக்கங்களைப் புரட்டப் புரட்ட அவன் சிறுத்துக் கொண்டே போவான். அவனுக்குப் பின்னால் நிற்பவர்கள் பெருகிக் கொண்டே போவார்கள்.

1987 மார்ச் 6-ந் தேதி மாலை பெல்ஜியத்தின் ஸீபுருக் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்தின் டோவருக்குப் புறப்பட்ட 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' என்ற கப்பலை எடுத்துக் கொள்வோம். மோட்டார் வண்டிகள் நேராக ஓட்டிக் கொண்டு ஏறுவதற்கு வசதியாக, முன்பக்கம் பெரிய கதவுகள் கொண்ட கப்பல் அது. கதவுகளை மூடாமலே புறப்பட்டு விட்டது. துறைமுகத்துக்கு வெளியே வேகம் எடுத்ததும் வண்டித் தளத்தில் தண்ணீர் புகுந்தது. இரண்டு நிமிஷங்கூட ஆகவில்லை. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்து விட்டது. 193 பேர் இறந்தார்கள்.

கதவை மூட வேண்டியவன் யார்? சாரங்கின் உதவியாள். அவன் எங்கே? தன் அறையில் படுத்துத் தூங்கிக் கொண்டிருந்தான்.

நாம் கதை எழுதினால் இங்கேயே முற்றும் போட்டு விடலாம். தூங்கியவனைத் தூக்கில் போடு என்று ஊரே சொல்லும். ஆனால் விசாரணை நடத்திய நீதிபதி ஷீன் மேலும் கேட்டுக் கொண்டே போனார். வண்டித் தளத்தை விட்டுக் கடைசியாகப் போனவன் சாரங்கு. கதவு திறந்து கிடந்தது அவனுக்குத் தெரியும். ஆனால் அதை மூடுவது தன் வேலை என்று அவன் எண்ணவில்லை. மூடியதை உறுதி செய்ய வேண்டிய அதிகாரி, புறப்படும் அதே நேரத்தில் மேல்தளத்திலும் இருந்தாக வேண்டும் என்பது கம்பெனியின் உத்தரவு. ஒரே ஆள் இரண்டு இடத்தில் எப்படி இருப்பான்? காப்டனுக்கோ கதவைப் பார்க்க வழியில்லை. குறை இருக்கிறது என்று யாரும் வந்து சொல்லாவிட்டால் எல்லாம் சரியாக இருப்பதாகவே அவர் வைத்துக் கொள்ள வேண்டும். என்ன அழகான ஏற்பாடு! மௌனம்தான் அங்கே அத்தாட்சி.

இன்னொன்றும் வெளி வந்தது. கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று காட்ட மேல்தளத்தில் ஒரு விளக்கு வைக்கும்படி அதே கம்பெனியின் காப்டன்கள் விபத்துக்கு முன்பே எழுதிக் கேட்டிருந்தார்கள். கரையில் இருந்த நிர்வாகிகள் அதைக் கேலி செய்து குறிப்பு எழுதினார்கள். சிப்பந்தி விழித்திருக்கிறானா, குடிக்காமல் இருக்கிறானா என்று காட்டவும் விளக்குப் போட வேண்டுமா என்கிற பாணியில் ஹாஸ்யம். விபத்து நடந்த சில தினங்களுக்குள் மற்றக் கப்பல்களில் அந்த விளக்குகள் பொருத்தப்பட்டு விட்டன. இதைப் படித்தபோது எனக்குத் தூங்கியவன் மேல் இருந்த கோபம் இடம் மாறியது. அவன் செய்தது குற்றந்தான். ஆனால் களைத்த மனிதன் என்றாவது ஒரு நாள் தூங்கத்தான் செய்வான் என்பதை எதிர்பாராமல் கப்பல் நடத்துவது அதைவிடப் பெரிய குற்றம்.

நம் பக்கத்தில் நடந்ததற்கு வருகிறேன். 1956 நவம்பர் 23-ந் தேதி அரியலூர் அருகே, வெள்ளம் அரித்த மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்று நாற்பது பேருக்கு மேல் மாண்டார்கள். ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். சில மாதங்களுக்கு முன்னால் மெஹபூப்நகர் விபத்தின் போதே அவர் ராஜினாமா கொடுத்ததும் நேரு ஏற்க மறுத்ததும் உண்டு. இந்தத் தடவை ஏற்றுக் கொண்டார். சாஸ்திரி காரணம் என்பதற்காக அல்ல, ஒரு முன்மாதிரி இருக்கட்டும் என்பதற்காக என்று விளக்கமும் சொன்னார். பெரிய மனிதர்கள், பெரிய காரியம். இன்று வரை ஒவ்வொரு ரயில் விபத்தின் போதும் அந்தப் பெயரைச் சொல்லி ராஜினாமா கேட்கிறோம். ஆனால் ராஜினாமாவினால் பாலத்தின் ஒரு கல்லும் பலப்படுவதில்லை. பொறுப்பை ஏற்பது வேறு, காரணத்தை அறிவது வேறு.

விசாரிப்பவர் யாருக்குக் கீழே இருக்கிறார் என்பதும் அற்ப விஷயமல்ல. 1937 ஜூலையில் பாட்னாவுக்கு அருகே பிஹ்டாவில் ரயில் தடம் புரண்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே போர்டு வாங்கிய புது மாதிரி எஞ்சின்களின் மேலேயே சந்தேகம் விழுந்தது. விசாரிக்க வேண்டிய இன்ஸ்பெக்டர்களோ அதே போர்டுக்குக் கீழ்ப்பட்டவர்கள்! எஞ்சின்களை ஆராய வந்த மவுண்ட் என்ற ஆங்கிலேய அதிகாரியின் குழு, இவர்களைப் பிரித்து வை என்று சொல்லி விட்டுப் போயிற்று. 1941-ல் பிரித்தார்கள். ரயில் விபத்தை விசாரிக்கும் கமிஷனர் இன்று விமானப் போக்குவரத்து இலாகாவைச் சேர்ந்தவராக இருப்பதைப் பார்த்துச் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டாம்.

விமான உலகம் இந்த விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் மறுபடி நடக்காமல் தடுப்பது; யார் மேலும் பழி சுமத்துவதல்ல என்று சர்வதேச விதியிலேயே எழுதி வைத்து விட்டார்கள். இதற்கு 'காமெட்' ஜெட் விமானத்தின் கதை நல்ல பாடம். 1953 மே 2-ந் தேதி கல்கத்தாவிலிருந்து கிளம்பிய ஒரு காமெட், வானத்திலேயே உடைந்து 43 பேர் இறந்தார்கள். இடிமழை மேல் பழி விழுந்தது. 1954 ஜனவரியில் எல்பா தீவருகே ஒன்று. பறப்பதை நிறுத்தி, தோன்றிய திருத்தங்களைச் செய்து மறுபடி பறக்க விட்டார்கள். ஏப்ரலில் நேப்பிள்ஸ் அருகே இன்னொன்று. அதன் பிறகுதான் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஆர்னால்ட் ஹாலின் குழு ஒரு முழு விமானத்தைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, பறக்கும்போது உள்ளே ஏறி இறங்கும் காற்றழுத்தத்தைத் தண்ணீரால் ஏற்றி இறக்கிப் பார்த்தது. ஏறக்குறைய மூவாயிரம் பறத்தல்களுக்குச் சமமான உழைப்பில் ஜன்னல் மூலையருகே உலோகம் களைத்துக் கிழிந்தது. விமானியின் தவறு இல்லை. வடிவமைத்தவர்களும் அன்றைய அறிவுக்கு எட்டியதைச் செய்தவர்களே என்று விசாரணை விட்டு விட்டது. கண்டதை அவர்கள் மறைக்கவுமில்லை. அவர்களைச் சிறையில் தள்ளுவோம் என்று மிரட்டியிருந்தால் இவ்வளவும் வெளியே வந்திருக்குமா?

இங்கேதான் எனக்கும் தொண்டை அடைக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், 'அம்மா, உலோகம் களைத்து விட்டது. யார் மேலும் குற்றமில்லை' என்று சொல்ல முடியுமா? அவள் மணியை அசைக்கத்தான் செய்வாள். அசைக்க வேண்டும். எல்லாம் அமைப்பின் கோளாறு என்று சொல்லிச் சொல்லியே நிர்வாகிகள் தப்பித்துக் கொள்வதையும் பார்க்கிறோம். ஹெரால்ட் கப்பல் வழக்கிலேயே கம்பெனி மேல் தொடுத்த கொலைக் குற்றச்சாட்டு 1990-ல் கோர்ட்டில் நிற்கவில்லை. ஆகவே கோர்ட்டு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு விசாரணையும் வேண்டும். ஆனால் ஒன்றின் மேஜையில் மற்றொன்று வந்து உட்காரக் கூடாது. உண்மையைச் சொல்ல வந்த சிக்னல் தொழிலாளி, வாசலில் போலீஸ்காரனைக் கண்டால் வாயைத் திறக்க மாட்டான். முதலில் காரணத்தைக் கேட்டுக் கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. தண்டனை காத்திருக்கலாம், அடுத்த ரயில் காத்திருக்காது.

2023 ஜூன் 2-ந் தேதி ஒரிஸாவில் பாலசோர் அருகே, சென்னைக்கு வந்து கொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் கிளை லைனுக்குள் திரும்பி, நின்றிருந்த கூட்ஸ் வண்டியில் மோதியது. ஏறக்குறைய முந்நூறு பேர் போனார்கள். டிரைவருக்கு நேர் பாதைக்கான பச்சை விளக்கு கிடைத்திருந்தது. அடுத்த மாதமே மூன்று ஊழியர்கள் கைதானார்கள். அவர்களுடைய குற்றத்தைக் கோர்ட்டு தீர்மானிக்கட்டும். பாதுகாப்புக் கமிஷனர் சிக்னல் கம்பிகளைத் தொட்டுத் தொட்டு ஆராய்ந்து, முன்பொரு தரம் இணைப்பை மாற்றியபோது நேர்ந்த தவறு வரைக்கும் போனார். அத்துடன் நிற்கவில்லை. 2022 மே 16-ந் தேதி அதே கரக்பூர் டிவிஷனில் பாங்க்ரா நயாபாஜ் என்ற ஸ்டேஷனில் இதே மாதிரி கம்பிக் கோளாறினால் ஒரு வண்டி தவறான பாதையில் போயிருந்தது. அப்போதே திருத்தம் செய்திருந்தால் இது நடந்திராது என்று எழுதினார்.