பதிற்கடமையின் அறம்

ஒருவன் தனக்குரிய பொருளை எவ்வாறு ஈட்டல் வேண்டும், எவ்வாறு காத்தல் வேண்டும், எவ்வாறு ஈதல் வேண்டும் என்பன பற்றி எமது அறநூல்கள் விரிவாகப் பேசியுள்ளன. ஆனால், பிறரொருவருக்குப் பதிலாக, தனக்குரியதல்லாத பொருள்களின் நடுவே, குறுகியதொரு காலம் மட்டும் பொறுப்பேற்று நிற்பவனுக்குரிய அறம் யாது? அவன் எதனைக் கொடுக்கலாம், எதனை மறுத்தல் வேண்டும்? மேலோட்டமாக நோக்குமிடத்துச் சிறிதாகத் தோன்றும் இவ்வினா, எமது பொதுவாழ்வின் பல பகுதிகளையும் தழுவி நிற்பதொன்றாகும்.

பதிற்கடமை பார்ப்போரிடம் இருவகைக் குறைபாடுகளை நாம் அவதானிக்கலாம். “நான் பதிலுக்கு நிற்கிற ஆள், அவர் வந்தாப்போலை வாங்கோ” என்று கூறி, வந்தவரைத் திருப்பி அனுப்புதல் ஒன்று. கதிரை நிரந்தரமற்றதாயின் கடமையும் நிரந்தரமற்றதே என்பது இத்தகையோரின் எண்ணம் போலும். நாளை தாம் இங்கு இருக்கப்போவதில்லை என்ற துணிவிற் கேட்பவர்க்கெல்லாம் சலுகை வழங்கி, நல்லவரெனப் பெயரெடுத்தல் மற்றையது. முன்னையது கோழைமை, பின்னையது பிறர் பொருளிற் காட்டும் வள்ளன்மை. இவ்விரண்டிலும் வேறான நெறியொன்று உண்டா என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

சென்ற விடுமுறையில் எமது ஊர்ப் பொது நூலகத்தில் ஒருநாள் நூலகருக்குப் பதிலாக நிற்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. நூலகர் சத்திரசிகிச்சையின் பொருட்டு வைத்தியசாலைக்குச் சென்றிருந்தார். அங்கு தொண்டனாக உதவிவந்த என்னிடம் திறப்புக்கோர்வை ஒப்படைக்கப்பட்டது. பத்திரிகைகளை மேசையிற் பரப்புவதும், திரும்பிவந்த நூல்களை இலக்க வரிசையில் அடுக்குவதும், திகதி முத்திரை குத்துவதுமாகக் காலைப்பொழுது கழிந்தது. நண்பகலுக்குச் சற்று முன்னர் பெரியவர் ஒருவர் வந்து, தாம் தேடிய நூலை யார் இரவல் பெற்றுச் சென்றுள்ளார் எனக் கேட்டார். பெயரைச் சொன்னால் வீட்டுக்கே சென்று வாங்கிக்கொள்வதாகவுங் கூறினார். ஒரே ஊரவர், பதிவேடோ என் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. ஆயினும், அதிலுள்ள பெயர் நூலகத்தை நம்பிக் கொடுக்கப்பட்டதேயன்றி எனக்குக் கொடுக்கப்பட்டதன்று. கொடுப்பதற்கு எளிதாயிருப்பது கொடுப்பதற்கு உரியதாகிவிடாது. நூல் திரும்பியதும் அவருக்கென எடுத்துவைக்குமாறு குறிப்பெழுதி வைத்தேன். அவர் முகஞ்சுளித்தே சென்றார்.

மாலையில் எழுந்த வினா இதனினும் கடினமானது. உயர்தர வகுப்பு மாணவியொருத்தி, எமது பிரதேசத்தின் பழைய குளங்கள் பற்றிய செயற்றிட்ட அறிக்கைக்காக உசாத்துணைப் பிரிவிலிருந்த நூலொன்றை ஓரிரவு தரும்படி வேண்டினாள். மறுநாள் போயா விடுமுறை; அதற்கு அடுத்த நாள் அறிக்கையை ஒப்படைத்தல் வேண்டும். “நாளையிண்டைக்குக் காலமை கொண்டந்து தாறன், அண்ணா” என்றாள். மறுபதிப்புக் காணாத அந்நூலின் ஒரே பிரதி அது. கட்டு அவிழ்ந்து, பிரதியெடுக்கும் பொறியில் விரித்து வைக்கவியலாத நிலையில் இருந்தது. கைத்தொலைபேசியிற் படம்பிடித்துச் செல்லும் வசதியும் அவளுக்கு இருக்கவில்லை. நூலகர் இருந்தால் தெரிந்த பிள்ளைகளுக்குக் கொடுப்பார் என்று அருகிலிருந்த வாசகரொருவர் பரிந்துரைத்தார்.

அவர் கூறியது உண்மையாகவே இருக்கலாம். ஆயின், நூலகர் விதியைத் தளர்த்துவதற்கும் பதிலாள் தளர்த்துவதற்கும் இடையே வேறுபாடுண்டு. நூலகர் அப்பிள்ளையின் வீட்டை அறிவார். நூல் திரும்பாவிடின் மறுநாள் அதற்கு விடைகூற அவரே அங்கு இருப்பார். விளைவைச் சுமப்பவனுக்கே விலக்கு அளிக்கும் உரிமை உண்டு. ஒருநாளில் விலகிப்போகிறவன் அளிக்கும் சலுகையின் விலையை இன்னொருவரே செலுத்த நேரிடும். எனவே நூலைக் கொடுக்கவில்லை. ஆனால், ஐந்து மணிக்கு மூடவேண்டிய நூலகத்தை ஆறரை மணிவரை திறந்துவைத்து, அவள் எழுத நான் வாசித்தேன். விறாந்தையில் அவளது தம்பி காத்திருந்தான். விளக்கும் மின்சாரமும் ஊருக்குரியனவல்லவோ எனின், உண்மையே. ஆயினும் அவை அங்கு எரிவது வாசகருக்காகவே. நூல் என்னுடையதன்று, விதியும் என்னுடையதன்று. அம்மாலைப்பொழுது மட்டும் என்னுடையதாயிருந்தது. வேண்டியவற்றை எல்லாம் அவளால் எழுதி முடிக்க இயலவில்லை என்பதையும் இங்கு கூறல் வேண்டும். அறவழி நிற்றலால் எவருக்கும் இழப்பு நேராது என்பது பொருந்தாது.

இது விதியின் பின்னே ஒளிந்துகொள்ளுதலாகாதா என ஒருவர் வினவலாம். மத்திய கால ஐரோப்பிய நூலகங்கள் பலவற்றில் நூல்கள் அலுமாரிகளோடு சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்தன. காவல் மட்டுமே நோக்கமாயின் அச்சங்கிலியே சிறந்த நூலகராகிவிடும். கணித ஆசிரியராயிருந்து 1924ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகிய எஸ். ஆர். ரங்கநாதன், 1931ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐந்து விதிகளுள் முதலாவதாக, நூல்கள் பயன்படுத்தற்கே உரியவை என்பதை வைத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைத்தல் வேண்டுமென்பது அவர்தம் இரண்டாம் விதி. ஆனால் வாசகர் எனும்போது மேசைக்கு முன்னே நிற்பவர் மட்டுமோ கருதப்படுவர்? இருபது ஆண்டுகளின் பின்னர் அதே நூலைத் தேடிவரப்போகும் ஒருவரும் வாசகரே. அவருக்காகப் பரிந்து பேச அங்கு எவருமில்லை என்பதனாலேயே நூலகர் பேசவேண்டியவராகின்றார்.

ஒரேயொரு பிரதியின் அருமையை எம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1933ஆம் ஆண்டிற் கே. எம். செல்லப்பாவின் முயற்சியால் வித்திடப்பெற்ற யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டில் தீக்கிரையாக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. கட்டடம் மீண்டும் எழுந்தது, மறுபிரதியற்றவை மீளவில்லை. நெருப்பின் கொடுமையோடு ஒரு மாணவியின் வேண்டுகோளை ஒப்பிடுதல் முறையன்று. ஆயினும், இழந்தாற் பெறமுடியாதது, இழந்தாலும் ஈடுசெய்யத்தக்கது என்ற பாகுபாட்டை அவ்விழப்பு எமக்கு அழுத்தமாக உணர்த்தியுள்ளது. பதிலாள் எப்பொழுதும் மனத்திற் கொள்ளவேண்டிய பாகுபாடும் அதுவே.

இராமகாதையிற் பரதன் பதினான்கு ஆண்டுகள் பதிற்கடமை ஆற்றியவன். அண்ணன் வரட்டும் என்று ஆட்சியை ஒத்திவைத்தானல்லன், அரியணையில் அமர்ந்தானுமல்லன். பாதுகையை அரியணையில் வைத்து, உழைப்பை மட்டுந் தனதாக்கிக்கொண்டான். தனதல்லாததைக் காத்தலும் தனதானதைத் தயங்காது கொடுத்தலுமே பதிற்கடமையின் அறமென்பதை அவனிடங் காண்கின்றோம்.

இவ்வறம் நூலகத்தோடு அமைவதன்று. எமது மொழியும் நிலமும் நீர்நிலைகளும் முன்னோர் விட்டுச்சென்றவை, பின்வருவோர்க்குச் சேரவேண்டியவை. இடைப்பட்ட சிலகாலம் அவற்றின் திறப்புக்கோர்வை எமது கையில் இருக்கின்றது. இவ்வகையில் ஒவ்வொரு தலைமுறையும் பதிற்கடமையே ஆற்றுகின்றது. அவற்றைப் பூட்டிவைத்தலும் எமது பணியன்று. வாரியிறைத்தலும் எமது உரிமையன்று. எமது காலத்தையும் உழைப்பையும் எவ்வளவு கொடுத்தோம் என்பதே எம்மிடம் கேட்கப்படத்தக்க கேள்வியாகும்.