துறந்ததும் துறவாததும்

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த இராமசாமி ரெட்டியார், 1947-இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். 1949-இல் பதவி விலகி, வடலூர் சென்று வள்ளலார் வழியில் தொண்டாற்றினார். பதவியைத் துறந்தவர் பணியைத் துறக்கவில்லை. இதை எண்ணும்போதெல்லாம், புகழின் உச்சியில் மேடையை விட்டு விலகிய இரு பாடகியர் என் நினைவுக்கு வருகின்றனர்.

ஒருவர் சுவீடன் நாட்டு ஜென்னி லிண்ட். ஓபரா எனப்படும் மேலை இசை நாடகத்தில் ஐரோப்பாவே போற்றிய அவர், முப்பது வயது நிறையுமுன்பே, 1849-இல் அம்மேடையைத் துறந்தார். ஆயினும் கச்சேரிகளில் தொடர்ந்து பாடி, வந்த பொருளைப் பள்ளிகளுக்கும் ஏழைகளுக்கும் வாரி வழங்கினார்.

மற்றவர் நம் கே. பி. சுந்தராம்பாள். கொடுமுடியில் 1908-இல் பிறந்து, வறுமையால் ரயிலில் பாடிய சிறுமி, நாடகக் கொட்டகையின் கடைசி வரிசையையும் எட்டும் குரலால் உயர்ந்தார். உடன் பாடி நடித்த எஸ். ஜி. கிட்டப்பாவை மணந்தார். 1933-இல் கிட்டப்பா மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. வெள்ளாடை உடுத்தினார், எந்த ஆண் நடிகருக்கும் இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார். ஆனால் குரலைப் புதைக்கவில்லை. 1935-இல் திரைப்படத்தில் நந்தனாராக ஆண் வேடம் ஏற்றுப் பாடினார். 1953-இல் ஔவையாராகத் தமிழகத்தின் நெஞ்சில் இடம்பெற்றார்.

இங்கே ஒரு கேள்வி நெஞ்சை உறுத்துகிறது. அந்த வெள்ளாடை அவரே தேர்ந்ததா, கைம்பெண்ணுக்குச் சமூகம் விதித்ததா? அவர் உறுதியில் அன்பு எவ்வளவு, ஊர்வாய்க்கு அஞ்சிய அச்சம் எவ்வளவு என நம்மால் அளக்க இயலாது. ஆகவே, அதைக் காட்டி இன்னொரு பெண்ணுக்கு அறம் உரைக்க நமக்கு உரிமையில்லை. துறவு ஒருவர் தாமே ஏற்பது; பிறர் சுமத்தினால் அது தண்டனை.

நாம் தயக்கமின்றிப் போற்றத்தக்கது, அவர் விட்டதையன்று, விடாததையே. தாலந்தைப் புதைத்தவனின் கதையை நாம் அறிவோம். வேடத்தை மறுக்கலாம், கைதட்டலை மறுக்கலாம். ஆனால் குரல் கொடையாக வந்தது. கொடையைப் பிறர்க்கு அளிப்பதே அதைப் பெற்றவரின் கடன்.

கணவரை இழந்தபின் பாடற்குழுவில் நிற்கத் தயங்கும் சகோதரிகள் நம் ஊர்களிலும் உண்டு. அவர்களை மீண்டும் பாட அழைத்தோமா?