குழப்படியும் அடக்கமும்

இலங்கைத் தமிழர் இல்லங்களில் அன்றாடம் வழங்கும் சொற்களுள் 'குழப்படி' என்பது ஒன்று. நாற்காலியில் ஏறிக் குதிக்கும் பிள்ளை குழப்படி செய்கின்றது. மழைநீர் தேங்கிய முற்றத்தில் இறங்கும் பிள்ளையும் குழப்படி செய்கின்றது. விருந்தினர் வந்திருக்கும் வேளையில் அறைக்கு அறை ஓடுபவன் 'குழப்படிகாரன்' எனப் பெயர் பெறுகின்றான். இதற்கு மறுதலையாக, இருத்திய இடத்தில் இருக்கும் பிள்ளை 'அடக்கமான பிள்ளை' எனப் பாராட்டப்படுகின்றது. இவ்விரு சொற்களும் பிள்ளையின் இயல்பை வருணிப்பன போலத் தோன்றினும் உண்மையில் அவை தீர்ப்புகளேயாம். அத்தீர்ப்பு எவர் பக்கம் நின்று வழங்கப்படுகின்றது? ஐந்து வயதுப் பிள்ளையின் ஓட்டத்தினாற் குழம்புவது பெரும்பாலும் வளர்ந்தோரின் அமைதியேயன்றிப் பிள்ளையின் ஒழுக்கம் அன்று. ஒருவருடைய வசதியீனத்தை மற்றொருவருடைய குற்றமாகப் பெயரிடுதல் அறமாகுமா? துடியாட்டமான பிள்ளைகளை வளர்ப்பதும், அவர்களுக்குரிய விளையாட்டையும் பயிற்சியையும் தெரிவு செய்வதும் குடும்பத்துக்குள் முடிந்துவிடும் சிறு விடயங்களாகக் கருதப்படினும், அவற்றினடியில் இவ்வறவியல் வினா மறைந்து கிடக்கின்றது.

பழந்தமிழ்ப் புலவர் பிள்ளையின் அசைவை வேறு கண்கொண்டு நோக்கினர். பாண்டியன் அறிவுடைநம்பி பாடியதாகப் புறநானூற்றில் ஒரு பாடல் உண்டு. தளர்நடையிட்டு வந்து, உண்கலத்தில் கையிட்டு, நெய் கலந்த சோற்றை மேனியெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தைகளைப் பெறாதோரின் வாழ்நாள் பயனற்றது என்பது அதன் கருத்து. இன்று பல இல்லங்களிற் கண்டிக்கப்படும் செயல் அங்கே செல்வத்தினும் மேலான பேறாகின்றது. பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ் பிள்ளையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்தது. தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, கை கொட்டும் சப்பாணி, நடந்து வரும் வருகை என அவற்றுட் பல உடலின் அசைவுகளையே அடையாளமாகக் கொண்டவை. பிள்ளை எப்போது அமைதியாக இருக்கக் கற்றது என்று எந்தப் புலவரும் ஒரு பருவம் வகுக்கவில்லை. அப்புலவர்கள் தெய்வத்தையோ தலைவனையோ குழந்தையாகப் பாவித்துப் பாடினர். சிந்திய சோற்றைத் துடைக்கும் வேலை அவர்களுக்கு இருக்கவில்லை என்று கூறி இதனை மறுப்போரும் இருக்கலாம். அம்மறுப்பில் நியாயம் உண்டு. எனினும் பிள்ளையின் அசைவு முதலில் ஒரு பேறு, பின்னரே ஒரு சிரமம் என்ற வரிசை மறக்கப்படலாகாது.

அவ்வாறாயின் அடக்கம் வேண்டாததா? வள்ளுவர் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயின் அவ்வதிகாரத்தில் அவர் காட்டும் உவமை ஆழ்ந்து நோக்கற்பாலது. ஐம்புலன்களையும் அடக்குவோனுக்கு அவர் ஆமையை உவமையாக்குகின்றார். ஆமை தன் உறுப்புகளைத் தானே உள்ளிழுக்கின்றது. அவற்றைப் பிறர் எவரும் கட்டி வைப்பதில்லை. வேண்டியபோது நீட்டவும் வேண்டியபோது ஒடுக்கவும் வல்லதாக இருத்தலினாலேயே அஃது அடக்கத்துக்கு உவமையாயிற்று. கால்கள் கட்டப்பட்ட ஆமை அடங்கிய ஆமையன்று, அகப்பட்ட ஆமை. அடக்கம் என்பது அசைவின்மை அன்று. அசைவின்மீது ஒருவர் தாமே கொள்ளும் ஆட்சி. ஓடியறியாத பிள்ளைக்கு நிற்பது ஒரு பண்பாக அமைய முடியாது. அச்சத்தினால் அசையாதிருக்கும் பிள்ளையிடம் காணப்படுவது அடக்கமன்று, அடக்கப்பட்டமையே. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே பிள்ளை வளர்ப்பில் நிகழும் முதற்பிழை எனலாம்.

இவ்வாட்சியைப் பிள்ளைகள் எங்கே கற்கின்றனர் என்பதற்குக் கிளித்தட்டு ஒன்றே போதிய சான்றாகும். மண்ணிற் கோடு கீறி, ஒரு சாரார் கோடுகளிற் காவல் நிற்க, மறு சாரார் அவற்றைக் கடக்க முயலும் விளையாட்டு அது. மறிப்பவன் தன் கோட்டை விட்டு விலகலாகாது. கடப்பவன் தருணம் வரும்வரை துடிக்கும் கால்களை நிறுத்தி வைத்திருக்க வேண்டும். வகுப்பறையிற் பத்து நிமிடம் இருக்கமாட்டாத சிறுவன் அங்கே மூச்சையும் அடக்கி நிற்பதைக் காணலாம். பெரியவர் எவரும் நடுவராக இல்லாதபோதும் தொட்டதா தொடவில்லையா என்ற பிணக்கைப் பிள்ளைகள் தமக்குள்ளேயே தீர்த்துக்கொள்கின்றனர். தீர்க்காவிடின் ஆட்டம் தொடராது என்பதை அவர்கள் அறிவர். நீதி, பொறுமை, தோல்வியை ஏற்றல் என்பன போதனையாகவன்றித் தேவையாகவே அங்கு எழுகின்றன.

உடற்பயிற்சியின் நோக்கம் உடல் மட்டுமன்று என்பதைக் கிரேக்க அறிஞரும் உணர்ந்திருந்தனர். பிளேட்டோ தமது 'குடியரசு' என்னும் நூலில், உடற்பயிற்சியும் இசையைப் போன்றே ஆன்மாவின் பொருட்டு அமைந்தது என்றும், உடற்பயிற்சி ஒன்றையே மேற்கொள்வோர் முரடராவர் என்றும் கூறுகின்றார். அதே நூலின் பிற்பகுதியில், வற்புறுத்திப் புகட்டிய கல்வி உள்ளத்தில் நிலைப்பதில்லை, ஆயின் வற்புறுத்திச் செய்வித்த உடலுழைப்பு உடலுக்குத் தீங்கு செய்வதில்லை என்கின்றார். இவ்விரு கூற்றுகளையும் இணைத்து நோக்கின் ஓர் இடர்ப்பாடு தோன்றும். பயிற்சி ஆன்மாவுக்காக அமைந்ததாயின், வற்புறுத்தலினால் உடல் கெடுகின்றதா என்று வினாவுதல் போதாது. உள்ளம் என்னாகின்றது என்றே வினாவுதல் வேண்டும். அரிஸ்டோட்டில் இவ்விடயத்தில் மேலும் தெளிவாகப் பேசுகின்றார். ஸ்பார்ட்டர் கடும் பயிற்சியினாற் பிள்ளைகளை விலங்கியல்பினராக்கினர் எனக் கண்டித்த அவர், பூப்புப் பருவம் வரை இலேசான பயிற்சிகளே தகும் என்றார். சிறுவராக ஒலிம்பிக் போட்டியில் வென்றோருள் வளர்ந்தபின்னரும் வென்றோர் இருவரோ மூவரோதான் என்று அவர் சான்று காட்டினார். 2016 இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், ஒரே விளையாட்டில் மட்டும் பிள்ளைகளை ஈடுபடுத்துவதை 15, 16 வயது வரையேனும் பிற்போடுதல் நன்று என அறிவுறுத்தியமை அப்பழைய கருத்துக்கு அரண் செய்கின்றது.

இன்றைய நிலையை நோக்குமிடத்து, பிழை இரு வடிவங்களில் நிகழக் காணலாம். முதலாவது, அசைவை மறுத்தல். வளவுகள் பங்கிடப்பட்டு மதில்கள் எழுந்துவிட்டன. கொழும்பின் தொடர்மாடி வீடுகளில் முற்றமே இல்லை. தரம் 5 புலமைப்பரிசிற் பரீட்சை அணுக அணுக மாலை வேளைகள் ரியூசன் வகுப்புகளுக்கு உரியனவாகின்றன. எஞ்சிய நேரத்தைக் கைத்தொலைபேசி எடுத்துக்கொள்கின்றது. அதன் முன் இருக்கும் பிள்ளை குழப்படி செய்வதில்லையாதலின் வீட்டாரும் ஆறுதல் அடைகின்றனர். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமேனும் உடலை இயக்குதல் வேண்டும், அதில் 60 நிமிடம் சற்று மூச்சு வாங்கும் அளவிலேனும் அமைதல் வேண்டும் என 2019 இல் உலக சுகாதார தாபனம் வகுத்துரைத்தது. ஐந்து முதல் பதினேழு வயது வரையிலானோருக்கு, சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமேனும் அத்தகைய இயக்கம் தேவை என 2020 இல் அது கூறியது. முன்னர் பிள்ளைகள் எவரும் கணக்கிடாமலே கடந்த அளவு இன்று விதியாக எழுதப்பட வேண்டியதாயிற்று.

இரண்டாவது பிழை இதற்கு மாறானது போலத் தோன்றும். அசைவின் அருமையை உணர்ந்த பெற்றோர் அதனை நேரசூசியில் அடைக்கின்றனர். திங்களன்று நீச்சல், புதனன்று கராத்தே, சனியன்று கிரிக்கெற் அல்லது பரதம் என வாரம் நிரம்புகின்றது. வகுப்புகள் தம்மளவில் நல்லனவே. ஆயின் பிள்ளை எதனை விரும்புகின்றது என்பதன்றி, எது சான்றிதழ் தரும், எது பாடசாலை அனுமதிக்கு உதவும், எது அயல்வீட்டுப் பிள்ளைக்குக் கிட்டாதது என்பனவே தெரிவை நிர்ணயிக்கும்போது விளையாட்டு மற்றொரு பரீட்சையாகின்றது. 1958 இல் ரோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் எதிர்வீரசிங்கம் தங்கப் பதக்கம் பெற்றமை இலங்கைத் தமிழர் பெருமையுடன் நினைவுகூரும் நிகழ்ச்சி. அத்தகைய உயரத்தைப் பிள்ளை தானே நாடுமாயின் அதற்கு ஏணியாவது பெற்றோர் கடன். தாம் எட்டாத உயரத்தைப் பிள்ளையின் கால்களால் எட்ட முனைவது வேறு.

மறுத்தலும் திணித்தலும் எதிரெதிரானவையாயினும் இரண்டுக்கும் வேர் ஒன்றே. பிள்ளையின் உடல் பெற்றோரின் உடைமை என்னும் எண்ணமே அவ்வேர். மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாகக் கொள்ளலாகாது, அவரை நோக்கமாகவும் கொள்ளுதல் வேண்டும் என 1785 இல் இமானுவேல் கான்ற் வகுத்த அறவிதி, வாய் திறந்து வாதாட இயலாத சிறுபிள்ளைக்கே முதலிற் பொருந்தும்.

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். பிள்ளை தன் நன்மையை அறியாது. அதன் விருப்பத்துக்கே விட்டால் இனிப்பையும் கைத்தொலைபேசியையுமே தெரிவு செய்யும். முதற் கடினத்திலேயே எதனையும் கைவிடும். ஆகவே பெற்றோரே தெரிவு செய்தல் வேண்டும் என்பர். இத்தடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இதற்கு விடை காணத் தெரிவுகளைத் தரம் பிரித்தல் அவசியமாகின்றது. உயிர் காக்கும் பயிற்சிகள் ஒரு வகை. கடலும் களப்பும் குளமும் கிணறும் நிறைந்த நாட்டில் நீந்தக் கற்பித்தல் பிள்ளையின் விருப்பத்துக்குக் காத்திருக்க வேண்டியதொன்றன்று. 1762 இல் வெளிவந்த 'எமீல்' நூலில் றூசோ, செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பொருள் செலவிட்டுக் குதிரையேற்றம் கற்கின்றனர், செலவின்றிக் கற்கக்கூடிய நீச்சலையோ கற்பதில்லை எனக் குறைகூறியது இங்கு நினைவுகூரத்தக்கது. இவ்வகையிற் பெற்றோர் கட்டளையிடலாம். அக்கட்டளை பிள்ளையின் பொருட்டே பிறப்பது.

விருப்பத்துக்குரிய விளையாட்டுகள் மற்றொரு வகை. இங்கே பெற்றோரின் கடமை வாயில்களைத் திறந்து காட்டுதலே. எந்த வாயிலால் நுழைவது என்பது பிள்ளைக்குரியது. நுழைந்தபின் இடைநடுவில் விலக முனையும் பிள்ளையிடம், 'இத்தவணை முடியும் வரை செல். அதன்பின் நீயே முடிவு செய்' என்று கூறுவதில் அநீதி இல்லை. சொன்ன சொல்லைக் காத்தல் என்ற பாடத்தை அதனால் அது கற்கும். ஆயின் விலகுவதற்கான காரணத்தை வினாவி அறியாது கட்டாயப்படுத்துதல் கூடாது. சோம்பலினால் விலகும் பிள்ளையும் உண்டு. பயிற்றுவோனின் கடுஞ்சொல்லினாலோ பிரம்பினாலோ அஞ்சி விலகும் பிள்ளையும் உண்டு. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். எஞ்சுவது பெற்றோரின் நிறைவேறாத ஆசை. அதனைப் பிள்ளைமீது ஏற்றாமல் தாமே சுமத்தல் அவர்களுக்குரிய அடக்கமாகும்.

பெண்பிள்ளையின் நிலை தனித்து நோக்கற்பாலது. பிள்ளைத்தமிழில் முதல் ஏழு பருவங்கள் இருபாலார்க்கும் பொது. இறுதி மூன்றிலே பாதை பிரிகின்றது. ஆண்பிள்ளை சிறுதேர் உருட்டிச் செல்ல, பெண்பிள்ளைக்கு அம்மானையும் நீராடலும் ஊசலும் வகுக்கப்பட்டன. சிற்றிற் பருவத்திலோ சிறுமியர் மணலிற் கட்டிய வீட்டை அழியாதே எனச் சிறுவனை இரந்து நிற்கின்றனர். இன்றும் பல குடும்பங்களில் ஏழெட்டு வயது வரை தமையனோடு மதிலேறிய சிறுமி, ஒருநாள் 'பெண்பிள்ளை அல்லவா' என்ற ஒரு தொடரால் நிறுத்தப்படுகின்றாள். அவள் கால்கள் நேற்றிருந்தவையே. அவற்றைப் பற்றிய பிறர் எண்ணமே மாறிற்று. ஒருவன் ஓடுதற்குச் சுதந்திரமும் மற்றவள் ஒதுங்குதற்கு அடக்கமும் கற்பிக்கப்படின், அங்கு இருவரும் அடக்கம் கற்கவில்லை. பிறர் கட்டிய மணல்வீட்டை மிதியாமல் ஓடுவதே சிறுவன் கற்க வேண்டிய அடக்கமாகும்.

வடக்கிலும் கிழக்கிலும் பிள்ளையைத் தடுக்கும் குரலுக்கு வேறொரு காரணமும் உண்டு. 2009 இல் முடிவுற்ற போரின்போது பிள்ளைப்பருவத்தைப் பதுங்குகுழிகளிற் கழித்தோர் பலர் இன்று பெற்றோராக உள்ளனர். மீள்குடியேறிய ஊர்களில், குறியிட்ட பாதையை விட்டு விலகாதே, கண்ட பொருளை எடுக்காதே என்று கண்ணிவெடியின் காரணமாகப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்பட்ட காலம் இருந்தது. அன்று 'ஓடாதே' என்றது கொடுமையன்று, அன்பு. அவ்வச்சத்தை எவரும் பழித்தலாகாது. எனினும் ஆபத்து நீங்கிய நிலத்தும் அதே சொல் பழக்கத்தினால் ஒலிக்குமாயின், பெற்றோர் பட்ட துயரம் அதனைப் பட்டறியாத பிள்ளையின் கால்களையும் பிணிக்கின்றது. எந்த அச்சம் பிள்ளையைக் காக்கின்றது, எது தம் கடந்தகாலத்தையே காக்கின்றது எனப் பிரித்தறிதல் கடினமான செயல். ஆயின் அன்பு வேண்டி நிற்கும் செயல்.

இக்கடமை முழுவதையும் பெற்றோர் தலையிற் சுமத்துதலும் நீதியன்று. இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31 ஆம் உறுப்புரை விளையாட்டையும் ஓய்வையும் சிறுவரின் உரிமையாகக் கூறுகின்றது. பகல் முழுவதும் கூலிவேலை செய்து திரும்பும் தாயிடம் பிள்ளையை விளையாட விடு என்று உபதேசிப்பது எளிது. அப்பிள்ளை அஞ்சாது ஓடுதற்கு ஊரில் ஒரு வெளியை விட்டுவைப்பது ஊராரின் பொறுப்பு. உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்குக் கடன் கொடாதிருத்தல் பாடசாலையின் பொறுப்பு.

முற்றத்தில் ஓடும் பிள்ளையைப் பார்த்து 'குழப்படி' என்ற சொல் நாவில் எழும்போது, குழம்பியது எது என்று ஒருகணம் வினாவுதல் நன்று. வேலியோரத்திற் கிணறு மூடியின்றிக் கிடப்பின் தடுத்தே ஆகவேண்டும். உறங்கும் முதியவரோ அழும் தங்கையோ இருப்பின், பிறர் பொருட்டுத் தன் ஓட்டத்தை நிறுத்தப் பிள்ளைக்குக் கற்பித்தல் வேண்டும். அஃது உண்மையான அடக்கத்தின் தொடக்கமாகும். இவ்விரண்டுமின்றி வளர்ந்தோரின் அலுப்பு மட்டுமே குழம்பியதாயின், அடங்க வேண்டியது பிள்ளையன்று.